பின்னால் வருகிறவனுக்கு ஒரு தாங்கி

திருகோணமலை என்றவுடன் நம்மவர் மனத்திலே முதலில் எழுவது கோணேசர் ஆலயம். அடுத்து எழுவது துறைமுகம். மலையுச்சிக் கோயிலைப் பற்றியும், பெருங்கப்பல்கள் அச்சமின்றி உள்ளே வந்து தங்கும் ஆழத்தைப் பற்றியும் எழுதியோர் பலர். அந்தத் துறைமுகத்தின் விளிம்பிலே கயிற்றில் கட்டுண்டு, அலை தொட்டும் தொடாமலும் தொங்கிக்கொண்டிருக்கும் பழைய டயர்களை மட்டும் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. நானும் பலமுறை அந்த வழியாய்ப் போயிருக்கிறேன், பார்த்ததில்லை. சென்ற ஆவணியில் என் அத்தானின் சிறு வண்டில் ஒன்றுதான் என்னை அங்கே நிறுத்தி அவற்றைப் பார்க்க வைத்தது.

அத்தான் உப்புவெளியில் வசிக்கிறார். மரவேலையில் கைராசி உள்ளவர். வெருகலம்பதி முருகன் கோயில் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் குடும்பத்தோடு போய் இரண்டு மூன்று நாள் தங்குவது அவர் வழக்கம். அந்நாளில் அவருடைய பாட்டனார் கூடார வண்டில் கட்டிக்கொண்டு போவாராம். உள்ளே வைக்கோல் பரப்பி, அதன்மேல் பாய் விரித்து, அடியிலே லாந்தர் தொங்கவிட்டு, மரநிழலில் மாட்டை அவிழ்த்துவிட்டால் அதுவே வீடு. அந்த நினைவிலேதான் அத்தான் தம் பழைய வானின் பின்னால் இழுத்துச் செல்லத்தக்க ஒரு படுக்கை வண்டிலைத் தாமே செய்து முடித்திருந்தார்.

பக்கத்திலிருந்து பார்த்தால் அது இலைநுனியில் தொங்கும் நீர்த்துளியைக் கிடையாகக் கிடத்தினாற்போல் இருந்தது. முன்புறம் உருண்டு, பின்புறம் சரிந்து இறங்கும் அமைப்பு. இவ்வகை வண்டில்கள் 1930களில் அமெரிக்காவிலே தோன்றியவை. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், கைத்தொழிற் சஞ்சிகைகளில் வந்த வரைபடங்களைப் பார்த்து அந்நாட்டார் தத்தம் வீட்டு முற்றத்திலேயே அவற்றைச் செய்துகொண்டனர். 8 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்ட ஒட்டுப்பலகைத் தாள் கடையில் கிடைப்பதால், வண்டிலும் அந்த அளவிலேயே அமைந்தது. உள்ளே இருவர் படுக்கலாம். நெருக்கிப் படுத்தால் பிள்ளை ஒன்றும் சேரலாம். பின்புற மூடியைத் தூக்கினால் அடுப்பும் பாத்திரத் தட்டுகளும் கொண்ட சிறு குசினி. ஓடும்போது அதற்குள் ஒருவரும் இருத்தலாகாது, நின்றபின்பே படுக்கை.

அத்தானின் வண்டிலில் எல்லாம் இருந்தன. சில்லுகளின் மேல் மட்காட் இல்லை. பின்னே பம்பர் இல்லை.

“அவையெல்லாம் அலங்காரம்” என்றார் அத்தான். “காசும் செலவு, பாரமும் கூடும்.”

அக்கா அதற்கு உடன்படவில்லை. அவள் மறுப்புக்குக் காரணம் இருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் அவளுடைய மூத்த மகன் மாலை வகுப்பு முடிந்து சைக்கிளில் வரும்போது, தெருவோரம் விளக்கின்றி நின்ற ஓர் உழவு இயந்திரப் பெட்டியின் பின்புறத்தில் மோதிவிட்டான். பெட்டியின் இரும்புச் சட்டம் அவன் நெஞ்சுயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. காறையெலும்பு முறிந்து ஆறு வாரம் கையைத் தூக்கிக் கட்டியிருந்தான். உயிர் தப்பியது கோணநாதர் அருள் என்பாள் அக்கா. அந்தப் பெட்டியின் சொந்தக்காரர் நல்ல மனிதர். மருத்துவமனைக்கும் வந்து பார்த்தார். ஆயினும், அந்தப் பெட்டியின் பின்னால் ஒரு சிவப்புத் தகடேனும் இருந்ததில்லை.

“இஞ்சேருங்கோ, எங்கள் வண்டிலின் பின்னாலே இன்னொருவர் பிள்ளை வந்து மோதினால் நான் யாருக்கு முகங்கொடுப்பேன்?” என்று அவள் கேட்டாள். அத்தான் பதில் சொல்லவில்லை. மறுநாட் காலை வண்டிலை வானிலே கொழுவிக்கொண்டு, என்னையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார்.

தகரப் பட்டறையிலே

துறைமுகத்தை அடுத்த ஒரு சிறு தெருவிலே பழைய தகட்டு வேலைப் பட்டறை ஒன்று உண்டு. அதை நடத்தும் பெரியவருடைய தகப்பனார், ஆங்கிலேயர் காலத்துக் கடற்படைத் தளத்திலே தகட்டு வேலை செய்தவராம். 1957 ஒக்டோபரில் தளம் இலங்கை அரசின் கைக்கு மாறிய பின்னும், அவருடைய சுத்தியல்கள் இந்தப் பட்டறையில் வேலை செய்துகொண்டிருக்கின்றன. மரப்பிடிகள் எத்தனையோ முறை மாறியிருக்கும்; இரும்பு அதே இரும்பு.

பெரியவர் வண்டிலை ஒரு முறை சுற்றி வந்தார். சில்லின் அருகே குந்தியிருந்து, அதற்கு நேரேயுள்ள பலகையை விரலால் தடவினார். வாங்கி ஒரு மாதங்கூட ஆகாத வண்ணப்பூச்சில், அம்மைத் தழும்புபோல் எங்கும் சிறு பள்ளங்கள்.

“தம்பி, இது உப்புவெளியிலிருந்து இங்கே வந்ததற்குள் பட்ட அடியா?”

“இரண்டு மூன்று முறை நிலாவெளி வரையும் போய் வந்தோம், ஐயா.”

“பாரும். உம்முடைய சில்லே உம்முடைய வண்டிலுக்குக் கல்லெறிகிறது. பலகையின் பூச்சு உடைந்தால் அதன் வழியே தண்ணீர் இறங்கும். ஒட்டுப்பலகைக்குள்ளே ஈரம் போனால் பிறகு அது பலகையில்லை, அப்பளம். பக்கத்திலே போகிற சைக்கிள்காரனுக்கும் இதே கல்தான்.”

பின்பு அவர் வண்டிலின் பின்புறம் போய் நின்று, இடுப்பிலே கைவைத்துக் கேட்டார்: “சரி, முன்னாலே இழுக்க வான் வைத்திருக்கிறீர், உள்ளே படுக்க மெத்தை வைத்திருக்கிறீர். பின்னாலே வருகிறவனுக்கு என்ன வைத்திருக்கிறீர்?”

அக்கா வீட்டிலே கேட்ட அதே கேள்வி. அத்தான் என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன்.

பெரியவர் வேலையை உடனே தொடங்கவில்லை. “தகடு வெட்டுவதற்கு நேரம் எடுக்கும். நீங்கள் இருவரும் துறையடிக்குப் போய், வள்ளங்கள் கரையைத் தொடுவதைப் பார்த்துவிட்டு வாருங்கள். பம்பர் எப்படி இருக்கவேண்டுமென்று நான் சொல்லத் தேவையில்லை” என்று அனுப்பிவிட்டார்.

துறையடியில் கற்ற பாடம்

அன்று கச்சான் காற்று சற்றே பலமாய் அடித்தது. உட்துறைமுகத்துக்கு அதனால் பெரிய கலக்கமில்லை. சுற்றிலும் குன்றுகள், வாயிலிலே தீவுகளும் முனைகளும். வெளியே கொட்டியாரக் குடாவில் அலை நுரைத்தாலும், உள்ளே குளம்போல் நீர் சிலிர்க்கும், அவ்வளவே. துறையடிச் சுவரிலே வரிசையாகப் பழைய லொறி டயர்கள் தொங்கின. ஓர் இயந்திரப் படகு மெல்ல வந்து அவற்றிலே சாய்ந்தது. டயர் அமுங்கியது; படகு நின்றது; டயர் மீண்டும் விரிந்து படகை ஒரு சாண் தள்ளிவிட்டது. சத்தமே இல்லை. சிறிது தூரத்தில், டயர் அறுந்து வெறுஞ்சுவராய் இருந்த இடத்தில் மற்றொரு வள்ளம் உரசியது. மரமும் கொங்கிறீற்றும் உராய்ந்த ஓசை பல்லைக் கூசவைத்தது.

நான் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படித்தவன். அன்றுதான் அந்தப் பாடம் கண்ணுக்குத் தெரிந்தது. மாணவர்களாய் இருக்கும் வாசகர்கள் இந்தக் கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம். 10,000 தொன் நிறையுள்ள கப்பலொன்று வினாடிக்கு 10 சென்ரிமீற்றர் வேகத்தில் கரையணைகிறது என்று வைத்துக்கொள்வோம். எறும்பு நடையினும் சற்றே விரைவு, அவ்வளவுதான். கூடவே இழுபட்டு வரும் நீரின் பாரத்தைக் கணக்கில் எடாவிட்டாலும், அதன் இயக்கச் சக்தி 50,000 யூல். 1 தொன் நிறையுள்ள கார் மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது அதனிடம் உள்ளதும் அதே 50,000 யூல்தான்.

இந்தச் சக்தி எங்கேயாவது போய்த் தீரவேண்டும். வெறுஞ்சுவரில் 1 சென்ரிமீற்றர் தூரத்திற்குள் கப்பல் நிறுத்தப்படுமானால், சராசரியாக ஏறத்தாழ 500 தொன் பாரத்தின் அழுத்தம் சுவரிலும் கப்பலிலும் விழும். இடையிலே 25 சென்ரிமீற்றர் அமுங்கிக் கொடுக்கும் றப்பர் இருந்தால் அந்த அழுத்தம் 20 தொன்னாகக் குறைந்துவிடும். மோதல் ஒன்றே, சக்தி ஒன்றே. தாங்குகின்ற பொருள் எவ்வளவு தூரம் விட்டுக்கொடுக்கிறது என்பதிலேதான் உடைவதும் உடையாததும் இருக்கிறது. வேகம் இருமடங்கானால் சக்தி நான்கு மடங்காகும் என்பதையும் மறத்தலாகாது. கப்பல் மாலுமிகள் கரையை அணுகும்போது காட்டும் பொறுமைக்குக் காரணம் அதுவே.

பாய்க்கப்பற் காலத்திலே, பழங்கயிற்றை உருட்டிப் பின்னிப் பெரிய பூசணிக்காய்போற் கட்டிக் கப்பலின் விலாவிலே தொங்கவிட்டனர். கரையோரத்தில் மரக்கட்டைகளை நிறுத்தினர். நடுக்கடலில் இரு கப்பல்கள் அணைய நேர்ந்தபோது, திமிங்கில வேட்டைக்காரர் கொன்ற திமிங்கிலத்தையே இடையில் மிதக்கவிட்டதும் உண்டு. பின்னர் ஜப்பானியர் காற்றடைத்த பெரிய றப்பர் உருளைகளைச் செய்து அதற்கு முடிவு கட்டினர். நம் ஊர்த் துறைக்கு வந்து சேர்ந்தது தேய்ந்த லொறி டயர். தெருவிலே ஓடி முடித்த டயர், கடலோரத்திலே இரண்டாம் பிறவி எடுத்து மற்றவர் அடியைத் தாங்குகிறது.

அத்தான் நெடுநேரம் அந்த அறுந்த கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். “பம்பருக்கு றப்பர் வைக்கவேண்டும்” என்றார். அன்று துறையடியில் அவர் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

அளவும் சமனும்

பட்டறைக்குத் திரும்பியபோது தகடு வெட்டியாயிற்று. பெரியவர் ஒரு கேள்வியும் கேட்காமலே பழைய டயரிலிருந்து அறுத்த ஒரு பட்டியை எடுத்து வைத்திருந்தார்.

மட்காட் செய்வதிலே முதற் கவலை இடைவெளி. சில்லு ஓரிடத்தில் நிற்பதன்று. பள்ளத்தில் இறங்கும்போது வில்லுத்தகடு வளைந்து வண்டிலின் உடல் சில்லின்மேல் இறங்கும். மட்காட்டை டயருக்கு மிக நெருக்கமாக வைத்தால், முதற்பள்ளத்திலேயே இரண்டும் உரசி டயர் வெட்டுப்படும். மிக உயர்த்தி வைத்தால் கல்லும் சேறும் தப்பிப் போகும். பெரியவர் வண்டிலுக்குள்ளே மூன்று அரிசி மூடைகளை ஏற்றச் சொன்னார். எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தார். அதன்பின் டயரின் உச்சிக்கும் தகட்டுக்கும் இடையே 3 அங்குலம் விட்டார். தகட்டின் ஓரத்தை வெறுமனே விட்டால் கத்திபோல் வெட்டும். அதிர்ச்சியில் கிழியவும் கூடும். ஆகையால் ஓரத்தினுள்ளே கம்பியை வைத்து, தகட்டை அதன்மேல் மடித்து, சுத்தியலால் சுற்றிவரத் தட்டினார். பின்விளிம்பிலே றப்பர்த் துண்டொன்று தொங்கியது. சில்லு வாரியெறியும் சேற்றைப் பின்னால் வருகிறவன் முகத்தில் விழாமல் தடுப்பது அது.

பம்பர் இரண்டங்குல இரும்புக் குழாய். அதை ஒட்டுப்பலகையிலே பூட்டுவதா, அடிச்சட்டத்திலே பூட்டுவதா என்று அத்தான் கேட்டார்.

“பலகையிலே பூட்டினால் அது பம்பரில்லை, கடப்பாரை. இடித்தவுடன் சுவரைக் குத்திக்கொண்டு உள்ளே வரும். உள்ளே பிள்ளை படுத்திருக்கும். அடி எப்போதும் இரும்பிலிருந்து இரும்புக்குப் போகவேண்டும், தம்பி” என்றார் பெரியவர்.

ஆகவே குழாயைத் தாங்கும் இரு கைகளையும் அடிச்சட்டத்தின் நெடுக்கு இரும்புகளோடு வெல்டிங் செய்தார். நிலத்திலிருந்து உயரம் 18 அங்குலம். பொதுவாகக் கார்களின் பம்பர் இருக்கும் உயரம் அதுதான். உயரம் பொருந்தாவிட்டால் ஒன்று மற்றதன் அடியிலே புகுந்துவிடும். குழாயின் இரு முனைகளையும் உள்நோக்கி வளைத்து மூடினார், ஒருவருடைய சட்டையோ சைக்கிளோ மாட்டாதிருக்க. அதன்மேல் டயர்ப் பட்டி, இருபுறமும் ஒளி தெறிக்கும் சிவப்புத் தகடுகள், மேலே பின்விளக்குகள்.

வேலை முடிந்தது என்று நான் எண்ணினேன். பெரியவர் அப்படி எண்ணவில்லை. மாற்றுச் சில்லையும் பம்பரின்மேல் பூட்டிவிடலாம் என்று அத்தான் சொன்னதும் அவர் நிமிர்ந்து பார்த்தார். அயலிலிருந்த அரிசிக் கடையில் ஒரு தராசை இரவல் வாங்கி, வண்டிலின் முன்கொழுவியை அதன்மேல் இறக்கி வைத்தார்.

இதன் தத்துவம் எளிது. இழுபடும் வண்டிலின் மொத்தப் பாரத்திலே பத்தில் ஒரு பங்கு முதல் ஏழில் ஒரு பங்கு வரையாவது கொழுவியின்மேல் அழுந்தவேண்டும். குறைந்தால் வண்டில் ஓட்டத்திலே மீன்வால்போல் இருபுறமும் ஆடத் தொடங்கும். வேகம் கூடினால் இழுக்கும் வாகனத்தையே புரட்டிவிடவும் வல்லது. எங்கள் வண்டில் 400 கிலோ. கொழுவியில் முன்பு இருந்தது 45 கிலோ. பம்பர் 15 கிலோ. மாற்றுச் சில்லு 15 கிலோ. இரண்டும் அச்சுக்கு ஒன்றரை மீற்றர் பின்னே ஏறினால், அச்சுக்கு இரண்டரை மீற்றர் முன்னேயுள்ள கொழுவியிலிருந்து 18 கிலோவைத் தூக்கிவிடும். மிச்சம் 27 கிலோ. 430 கிலோ வண்டிலுக்கு அது போதாது.

மாற்றுச் சில்லை அச்சுக்கு ஒன்றரை மீற்றர் முன்னே, வண்டிலின் மூக்கருகே வைத்தோம். பம்பர் தூக்கியது 9 கிலோ. சில்லு அழுத்தியதும் 9 கிலோ. தராசின் முள் மீண்டும் 45இல் வந்து நின்றது. பின்னால் வருகிறவனைக் காக்க வைத்த பம்பர் முன்னால் போகிறவனைக் கொல்லாமல் இருக்க இத்தனை கணக்கு!

“எடை எங்கே நிற்கிறது என்று பாராமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தத் துறைமுகத்தின் அடியிலே சாட்சி கிடக்கிறது” என்றார் பெரியவர். அது உண்மை. 1944 ஓகஸ்ட் 8ஆம் நாள், திருகோணமலையில் இருந்த பெரிய மிதவைத் தளத்திலே ‘வேலியன்ற்’ என்னும் பிரித்தானியப் போர்க்கப்பல் பழுது பார்ப்பதற்காக ஏற்றப்பட்டது. தளத்தின் நீர்த்தொட்டிகளை நிரப்புவதிலும் வெறுமையாக்குவதிலும் சமன் கெட்டது. தளம் முறிந்து மூழ்கியது, கப்பலும் பெருஞ்சேதமுற்றது. அதற்கு இரண்டாண்டு முன், 1942 ஏப்ரல் 9ஆம் நாள், ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின்மேல் குண்டு பொழிந்தன. பகைவரின் குண்டுக்கு அஞ்சிய இடத்திலே பாரத்தின் கணக்கு தவறியதாலும் அழிவு வந்தது.

கிண்ணியா வழியே

மறுநாள் விடியற்காலை வெருகலுக்குப் புறப்பட்டோம். வீதி உட்துறைமுகத்தை அணைத்துக்கொண்டு சீனன்குடாவை நோக்கிச் சென்றது. வலப்புறக் காட்டுக்குள்ளே ஆங்கிலேயர் கட்டிய பெரிய எண்ணெய்த் தாங்கிகள். இடப்புறம் நீல நீர், ஆலைகளின் இறங்குதுறைகள், தொலைவிலே சரக்குக் கப்பலொன்று, தன் விலாவிலே கரிய றப்பர்த் தாங்கிகளை அணைத்துக்கொண்டு, அசையாமல் நின்றது. நேற்று வரை கப்பலை மட்டும் பார்த்த என் கண் இன்று அந்தத் தாங்கிகளைத் தேடியது.

திருகோணமலையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர் சென்றதும் கிண்ணியாப் பாலம். தம்பலகாமக் குடாவும் கொட்டியாரக் குடாவும் கைகோக்கும் நீர்வாயின்மேல் 396 மீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் இப்பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. அதற்கு முன் இங்கே ‘பாதை’தான் உண்டு. பிற நாட்டுத் தமிழர்க்கு ஒரு சொல்: பாதை என்றால் உங்களுக்கு வழி, எங்கள் கீழ்க்கரையிலே பாதை என்றால், மனிதரையும் வண்டிகளையும் ஏற்றி நீரைக் கடக்கும் மிதவை. மட்டக்களப்பு வீதியிலே இத்தகைய துறைகள் பல இருந்தன. பாதை வரும்வரை காத்திருந்து, ஏறி, இறங்கி, மீண்டும் அடுத்த துறையில் காத்திருந்து போன காலத்தை முதியோர் இன்றும் சொல்வர்.

பாலத்தைக் கடந்ததும் அத்தான் வானை ஓரமாக நிறுத்தினார். அண்மையிலேதான் குறிஞ்சாக்கேணி. அங்கே புதிய பாலம் கட்டும் வேலை தொடங்கியிருந்த காலத்தில், மக்கள் போக்குவரத்துக்கு ஒரு பாதை ஓடியது. 2021 நவம்பர் 23ஆம் நாள் காலை, பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் பெரியவர்களும் ஏறியிருந்த அந்தப் பாதை நடுநீரிலே கவிழ்ந்தது. பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே உயிர் நீத்தனர். அதன் பின்னும் உயிரிழப்பு நேர்ந்தது. கிண்ணியா முழுவதும் அன்று கடையடைத்துக் கதறியது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்து கிண்ணியாவையும் மூதூரையும் சூறையாடியபோது மனிதரால் தடுத்திருக்கக்கூடியது சிறிதே. இந்தக் காலைப்பொழுதின் துயரம் அவ்வாறானதன்று. ஒரு மிதப்புச் சட்டை, ஏறுவோர் தொகைக்கு ஓர் எல்லை: இவையும் ஒருவகையில் தாங்கிகளே. ஒன்றும் நேராத நாட்களிலே அவை வீண்செலவாய்த் தோன்றும்.

அக்காவின் இளைய மகள் ஒன்பது வயதுப் பிள்ளை. “மாமா, அந்தப் பிள்ளைகளுக்கு நீந்தத் தெரியாதா?” என்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். அத்தான் வானைவிட்டு இறங்கிப் போய், வண்டிலின் கொழுவியையும் காப்புச் சங்கிலியையும் மீண்டும் ஒருமுறை சோதித்து வந்தார். புறப்படும்போதே அவர் அதைச் சோதித்திருந்தார்.

மூதூரை அணுகும்போது கொட்டியாரக் குடா இடப்புறத்தே விரிந்தது. இக்குடாவுக்குத்தான் ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல், 1659இல் புயலில் முறிந்த பாய்மரத்தைப் புதுக்கிக்கொள்ள வந்தது. பழுது பார்க்க வந்தவர்களிலே றொபேட் நொக்ஸ் என்னும் இளைஞனும் ஒருவன். கண்டி அரசனின் ஆட்கள் அவனையும் கப்பற்றலைவனான அவன் தந்தையையும் பிறரையும் சிறைபிடித்துச் சென்றனர். 1679இல் தப்பியோடிய அவன், இலங்கையைப் பற்றி எழுதிய நூல் 1681இல் வெளியாயிற்று. ஒரு பாய்மரம் முறிந்ததனால் ஒரு மனிதனின் ஏறத்தாழ 20 ஆண்டு போயிற்று; நமக்கு ஒரு வரலாற்று நூல் கிடைத்தது.

வெருகலில் ஓர் இரவு

மாலையில் வெருகலை அடைந்தோம். ஆற்றங்கரை மரங்களின் கீழே எங்கும் அடியார் கூட்டம். கூடாரம் போட்ட உழவு இயந்திரப் பெட்டிகள், லொறிகள், முச்சக்கர வண்டிகள். எங்கள் நீர்த்துளி வண்டிலைக் காணச் சிறுவர் கூடிவிட்டனர். அக்கா பின்மூடியைத் தூக்கி அடுப்பை மூட்டியபோது, அவளைச் சுற்றி ஒரு சிறு திருவிழாவே நடந்தது. இரவு பூசை கண்டு வந்தபின் பிள்ளைகள் இருவரும் வண்டிலுக்குள் உறங்கினர். நாங்கள் வெளியே பாய் விரித்தோம்.

நடுச்சாமம் இருக்கும். ஓர் இளைஞன் தன் லாண்ட்மாஸ்டரைப் பெட்டியோடு திருப்ப முயன்றுகொண்டிருந்தான். இடம் நெருக்கம், விளக்கு ஒன்றே. பெட்டி பின்னோக்கி வந்தது. நாங்கள் எழுந்து கூவுவதற்குள் அதன் மூலை எங்கள் வண்டிலின் பின்புறத்தைத் தொட்டது.

துறையடியில் கேட்ட அதே மௌனம். றப்பர் அமுங்கியது, வண்டில் ஒரு முறை அசைந்தது, நின்றது. ஓடிப்போய்க் கதவைத் திறந்து பார்த்தோம். பிள்ளைகள் புரண்டுகூடப் படுக்கவில்லை. பெட்டியின் மூலை பட்ட உயரத்துக்கு நேரே, பலகைக்கு அப்பால், மூத்தவனின் தலையணை இருந்தது.

இளைஞன் நடுங்கிக்கொண்டு இறங்கி வந்தான். “அண்ணை, தெரியாமல் வந்துவிட்டது. ஏதும் உடைந்ததா?”

அத்தான் உடனே பதில் சொல்லவில்லை. குந்தியிருந்து, டயர்ப் பட்டியின்மேல் உள்ளங்கையை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெல்ல ஓட்டினார். “ஒன்றும் இல்லை, தம்பி” என்றார். பின்பு எழுந்து, லாந்தரை எடுத்துக்கொண்டு அந்தப் பெட்டியின் பின்புறம் போனார். வெறும் இரும்புச் சட்டம், நெஞ்சுயரம், விளக்கில்லை, தகடில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். அவள் எதை நினைத்தாள் என்பது எனக்குத் தெரியும்.

அத்தான் வானுக்குள்ளே தேடி, பட்டறையில் மிஞ்சிய இரண்டு சிவப்புத் தகடுகளையும் ஒரு முழக் கம்பியையும் கொண்டுவந்தார். “லாந்தரைப் பிடி” என்று அந்த இளைஞனிடம் கொடுத்துவிட்டு, பெட்டியின் இரு மூலைகளிலும் ஒவ்வொன்றாகக் கட்டத் தொடங்கினார்.